தருமன் தோள்மேல ஒரு கை

ஆள எடுத்தியே பாய், கைய எடுத்தியா? சொல்லு. கைய எடுத்தியா நீ? ஒரு மனுசன போட்டோவுலருந்து எடுக்கறதுன்னா தலயிலருந்து காலு வரைக்கும் எடுக்கணும். பாதிய எடுத்துட்டு பாதிய வுட்டா அதுக்குப் பேரு வேலையா? எறா உரிக்கறவ தலய மட்டும் கிள்ளிட்டு ஓட்ட அப்படியே வுட்டா, நீ கேப்பியா மாட்டியா? கேப்ப. வாலு ஒட்டிக்கினு கீதுன்னு என்னையே நடு பஜாருல நிக்க வெச்சி கேட்டவன் தானே நீ!

நாற்காலியெல்லாம் வாணாம், நின்னுக்கினே பேசறேன். உக்காந்தா எனக்குக் கோவம் எறங்கிப்பூடும். கூடைய வாசப்படியாண்ட வெச்சிட்டேன், மூக்க மூடாத. எறாவுக்கு அடியில தான் போட்டோவ எடுத்தாந்தேன், போன தபா மாதிரியே. கோயில் பூசாரி வரதன் கையில, "கண்ணாடி தூசியா கீது, தொடச்சி எடுத்தாறேன்"னேன். போன தபா இதே சாக்க சொன்னதுக்கு ஆயிரம் கேள்வி கேட்டாரு அந்தாளு. இந்த தபா பாரு, அவரே ஆணியிலருந்து கயட்டி, அவரே கூடையில வெச்சி, "ரவூப் பாய கேட்டதா சொல்லும்மா"ன்னு அனுப்பி வெச்சாரு. தங்கமான மனுசன்.

தோ. வெளிச்சத்துல வெச்சிப் பாரு. நீ செஞ்ச வேலைய நீயே பாரு.

மீன் ஆபீசரு எங்க குப்பத்துக்கு வந்த வருசம் எடுத்தது இது. கோயில் வாசல்ல ஊர் ஆம்பளைங்க அத்தினி பேரும் கீறாங்க. நடுவுல ஆபீசரு. பக்கத்துல வயித்த உள்ள இயுத்துக்கினு ஊருக்குப் பெரியதனக்காரரு செங்கல்வராயன். தோ, ஓரமா நிக்கறது எங்க வூட்டுக்காரு, தருமன். அவரு பக்கத்துல நின்னது யாரு? அவரு தம்பி கேசவன். என் கொழுந்தன். அண்ணன் தோள்மேல கைய போட்டுக்கினு, பல்ல காட்டிக்கினு நின்னான். இப்ப அந்த எடத்துல இன்னா கீது? தென்ன மரம். எங்க வூட்டுக்காரு தோள்மேல இன்னா கீது? கை! மரத்துக்குக் கை மொளச்சி, அது எங்க வூட்டுக்காரு தோள்ல வந்து ஒக்காந்துக்கினு கீது!

இன்னா? நான் தான் சொன்னேனா? நான் இன்னா சொன்னேன்? "எங்க வூட்டுக்காரு மேல உன் பிரஷு படக்கூடாது, பிளேடு படக்கூடாது, அவரு சட்டையில ஒரு புள்ளி மை பட்டாலும் இந்த ஸ்டூடியோவுல மனுசன் நிக்க முடியாத மாதிரி கருவாட்டுக் கூடைய கொட்டிட்டுப் போவேன்"னேன். ஆமா, சொன்னேன். இல்லேங்கல. அதுக்காவ, சட்டைக்கு மேல இருந்த கைய வுட்டுடறதா? சொன்னத சொன்ன மாதிரியே செஞ்சிட்டு வந்து நிக்கற! கொஞ்சமாவது புத்திய போட்டு செய்ய வாணாமா?

தலய ஆட்டாத. கேளு. நீ பஜார்ல பொறந்தவன், ஏரிய கரையிலருந்து பாக்கறவன், உனக்கு எங்க வயித்தெரிச்சல் இன்னா தெரியும். எங்கள்ல பாடுன்னு ஒன்னு கீது. ஏரியில எந்த எடத்துல, எந்த நாள்ல, எவன் வலை கட்டணும்னு மொறை. கோயில்ல ஒக்காந்து சீட்டு குலுக்கிப் போட்டு வெப்பாங்க. உன் பாடு வர்ற அன்னிக்கி அந்த எடம் உனக்கு. வேற எவனும் அங்க கோலு ஊனக் கூடாது. குப்பத்து ஆம்பளையா இருந்தா பாடு. இல்லன்னா கரையில நின்னு காத்து வாங்க வேண்டியது தான்.

இந்தக் கேசவன் இன்னா பண்ணான், கோவிந்தம்மாவ கட்டிக்கினு சுண்ணாம்புக்குளத்துல மாமியார் வூட்டோட போய் ஒக்காந்துட்டான். போனவன் பாடு சும்மா கெடக்கலாமா? அண்ணன் தான் பாத்துக்கினாரு. அவரு பாடும் அவருக்கு, தம்பி பாடும் அவருக்கு. நல்லா தான் போய்க்கினு இருந்துது. பொண்ணுக்குக் கம்மலு பண்ணேன், கூர மாத்துனேன். திடீர்னு ஒரு நாளு பாய் படுக்க, சட்டி பானை, புள்ளைங்க எல்லாத்தையும் படகுல ஏத்திக்கினு வந்து எறங்கறான். மாமியார் வூட்ல சண்டையாம். "அண்ணி, என் பாடு எனக்கு வேணும்"ங்கறான். எப்படி இருக்கும் எனக்கு? நீயே சொல்லு. வாணாம், சொல்லாத, நானே சொல்றேன்.

பாடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லன்னு ஊர்ல சண்ட வந்தா பெருசுங்க இன்னா கேக்கும் தெரியுமா? "அந்த போட்டோவுல கீறானா?" அவ்ளோ தான். நாகப்பனுக்கு அப்படித்தான் பாடு கெடச்சிது. அவன் நைனா ஆந்திராக்காரரு, எளாவூருக்கு அந்தாண்டருந்து வந்தவரு. ஆனா போட்டோவுல பின்னால இவன் பாதி தலை தெரியுது. பாதி தலைக்கி முழு பாடு! அப்ப நான் இன்னா நெனச்சேன்? போட்டோவுல ஆளு இல்லன்னா பாடும் இல்ல. சுளுவா முடிஞ்சிப்பூடும். சண்ட வாணாம், சத்தம் வாணாம், யாரு மனசும் நோவ வாணாம். கொழுந்தன திட்டுனேனா? இல்ல. அடிச்சேனா? இல்ல. போட்டோவுலருந்து தானே எடுத்தேன்!

அத்த ஒழுங்கா செய்யத் தெரியல உனக்கு.

மொதல்ல அந்த மரத்த சொல்லணும். எங்க கோயிலாண்ட எந்தக் காலத்துல பாய் தென்ன மரம் இருந்துது? சவுக்கும் வேலிக்காத்தானும் தவுர அங்க ஒரு புல்லு மொளைக்காது. நீ ஏன் தென்ன மரம் போட்டன்னு எனக்குத் தெரியும். தோ, உன் பின்னால தொங்குதே படுதா, அதுல கீற மரம் தான் உனக்கு வரைய வரும். அதே மாதிரி சாஞ்சிக்கினு, அதே ரெண்டு காய். எங்க குப்பத்துல கல்யாணம் ஆன அத்தினி பேரும் இந்த மரத்தாண்ட நின்னு தான் போட்டோ எடுத்துக்கினு வந்தாங்க. அத்தினி வூட்டு சுவர்லயும் இந்த மரம் தொங்குது. நல்லவேளை, ஒருத்தரும் கண்டுபுடிக்கல. முட்டாப் பசங்க.

கண்டுபுடிக்காதது மட்டும் இல்ல பாய், கூத்தக் கேளு. போட்டோவ திரும்ப மாட்டுனதும் செங்கல்வராயன் கண்ணாடிய போட்டுக்கினு கிட்டப் போய்ப் பாத்தாரு. பாத்துட்டு, "இந்த மரத்த யாருடா வெட்னது?"ன்னாரு. யாராவது "இங்க ஏது மரம்"னு கேப்பாங்கன்னு பாத்தா, பூசாரி வரதன், "ஆமாமா, நல்ல மரம், அந்த எளநீர நான் குடிச்சிருக்கேனே, கல்கண்டு மாதிரி"ன்றாரு! எதுத்த வூட்டு பொன்னியம்மாள் அதுல கன்னுக்குட்டி கட்டி வெச்சிருந்தாளாம். கடசியில நாகப்பன் தான் வெட்னான்னு முடிவாச்சி. ஏன்னா அவன் வூட்ல ஒரு தென்ன விட்டம் கீது. அவனும் எழுந்து கையக் கட்டிக்கினு, "தப்பு தான், அன்னிக்கி அடுப்புக்கு வெறகு இல்ல"ன்னு ஒத்துக்கினான் பாய்! இல்லாத மரத்த வெட்னேன்னு ஒருத்தன் ஒத்துக்கறான்! அந்த எடத்துல ஒரு தென்னங்கன்னு நட்டு, தெனம் தண்ணி ஊத்தணும்னு தெண்டம் போட்டாங்க. நட்டுட்டான். நல்லா தான் தழைச்சி வருது.

கேசவனையும் இட்டாந்து காட்னாங்க. "நான் அண்ணன் பக்கத்துல தானே நின்னேன்"னான். "பாருடா, மரம் தான் நிக்குது"ன்னாங்க. ரொம்ப நேரம் பாத்தான். "அப்படின்னா மரத்துக்குப் பின்னால ஒதுங்கப் போயிருப்பேன்"னான்! எனக்கு உள்ளுக்குள்ள இனிக்குது. முடிஞ்சிது கதன்னு நெனச்சேன். அப்ப தான் அந்தப் பூசாரி, "இது யாரு கையி?"ன்னாரு.

யாரு... யாருபா அது? போட்டோ எடுக்கணுமா? வாங்க, வாங்க, பாய் இங்க தான் கீறாரு, நான் போயிடுவேன், இப்ப போயிடுவேன். ரெண்டு பேரும் சிநேகிதக்காரனுங்களா? ஆரம்பாக்கமா? அங்க ஸ்டூடியோ இல்லியா? நில்லுங்க, படுதாவாண்ட நில்லுங்க. ஏய், ஏய், கைய எடு! அவன் தோள்மேலருந்து கைய எடுன்றேன்! இன்னிக்கி சிரிச்சிக்கினு கைய போடுவீங்க, நாளைக்கி சண்ட வந்தா பிரிச்சி எடுக்கறது எவ்ளோ பேஜாரு தெரியுமா? நடுவுல ஒரு ஆளு நிக்கற எடம் வுட்டு நில்லுங்க. ஆங். கை தொங்கட்டும். அப்படித்தான். எடு பாய் நீ, எடு, நான் குறுக்க நிக்கல. நீ எடுத்துக்கினே கேளு.

எங்க வுட்டேன்? ஆங், கையி. யாரு கையின்னு கேட்டதும் ஊரே போட்டோவாண்ட முட்டிக்கினு வந்துது. செங்கல்வராயன் கன்னத்துல போட்டுக்கினாரு. "அம்மன் கை"ன்னாரு. அம்மனாம்! முட்டி முட்டியா, வலக் கயிறு அறுத்த தழும்போட, அம்மன் கை! பொன்னியம்மாள் தான் ஒருத்தி கேட்டா, "அம்மன்னா வளையல் எங்க?"ன்னு. அதுக்கு பூசாரி, "நம்ம புள்ளைங்களோட சேந்து வல இழுக்க வந்தவ, வளையல கயட்டி வெச்சிட்டு வந்திருப்பா"ன்னாரு. உடனே கற்பூரம். உடனே குங்குமம். கண்ணாடி மேல கைக்கி நேரா அப்பி வெச்சி கீறாங்க பாரு.

அது கேசவன் கையின்னு ஒரு கொழந்த சொல்லும் பாய். சுண்டு வெரல பாரு. ஒட்டாம தனியா நீட்டிக்கினு கீதா? கெளுத்தி முள்ளு குத்தி, சீழ் புடிச்சி, அன்னிலருந்து அந்த வெரலு மடங்காது. அந்த வெரல வெச்சிக்கினு அவன் சோறு துன்றத ஊரே பாத்திருக்குது. சின்னப் புள்ளைங்க அவன மாதிரியே வெரல நீட்டிக்கினு துன்னு காட்டும். ஆனா போட்டோவுல பாத்தா ஒருத்தனுக்கும் தெரியல. அம்மன் வெரல நீட்டி ஆசி சொல்றாளாம். கண்ணு அவிஞ்ச ஊரு.

கேசவனும் வந்தான். தோள் துண்ட எடுத்து ரெண்டு கையையும் சுத்தி மறச்சிக்கினு, அவன் கைய அவனே வியுந்து கும்பிட்டான்! எனக்கு சிரிக்கறதா அயுவறதான்னு தெரியல.

எங்க வூட்டுக்காரு தோள்ல அம்மன் கை வெச்சிருந்தா எனக்கும் பெரும தானேன்னு கேக்கற. நீ கேக்கல, கேக்கறா மாதிரி பாக்கற. மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் சீட்டு குலுக்கற நாளு வந்துது. பொம்பளைங்க அங்க போவக்கூடாது, நான் கோயில் செவுத்துக்குப் பின்னால நின்னு, ஜன்னல் சந்துல பாத்துக்கினு கேட்டுக்கினு இருந்தேன். தருமன்னு பேர சொன்னதும் செங்கல்வராயன் கைய தூக்கிட்டாரு. "அம்மன் கை வெச்ச தோளு அது. அந்தத் தோள்ல வலைய ஏத்தலாமா? கோலு தூக்கலாமா? சேத்துல எறங்கலாமா?"ங்கறாரு. கூடாது கூடாதுன்னு ஊரே கத்துது. அப்ப தருமன் பாடு? "அவரு தம்பி கேசவன் போவட்டும்." அப்ப கேசவன் பாடு? "அதுவும் கேசவன் தான்." "அவன் போட்டோவுல இல்லியே"ன்னு நான் செவுத்துக்கு இந்தாண்டருந்து கத்திட்டேன் பாய். "மரத்துக்குப் பின்னால இருந்தாம்மா"ன்னு ஒரே கொரலா சொல்றானுங்க!

கேட்டியா? ரெண்டு பாடு. ரெண்டும் அவனுக்கு. எதுக்காவ நான் உன்னாண்ட வந்தேனோ, அது அப்படியே தலகீழா கவுந்துப்போச்சி.

அதோட வுட்டாங்களா? "பாவம் தருமன், அவருக்கு ஒன்னும் இல்லன்னு ஆவக்கூடாது"ன்னு ஒரு தீர்ப்பு. இன்னா தீர்ப்பு? "போட்டோவுல அவரு பக்கத்துல நிக்குதே அந்த மரம், அதோட காயெல்லாம் தருமன் குடும்பத்துக்கே. எந்தக் காலத்துக்கும் யாரும் கேக்கக் கூடாது." சொல்லிட்டு அத்தினி பேரும் தலய குனிஞ்சிக்கினு தோளு குலுங்க ஒக்காந்து கீறானுங்க. எங்க வூட்டுக்காருக்காவ அயுவறானுங்கன்னு எனக்கே கண்ணு கலங்கிடுச்சி.

எங்க வூட்டுக்காரு இன்னா பண்றாருன்னு கேளு. ஏரியில கழுத்தளவு தண்ணியில நின்ன மனுசன், இப்ப குளிக்கறதுக்கு வெந்நீரு கேக்கறாரு. புதுத் துண்டு ஒன்ன இந்தத் தோள்ல போட்டுக்கறாரு, அந்தத் தோள காலியா வெச்சிக்கறாரு. கொடத்துல தண்ணி தூக்க மாட்டாரு. அம்மன் கோச்சிக்குமாம். சாயங்காலம் ஆனா தம்பி படகு வர்ற தெசைய பாத்துக்கினு ஒக்காந்துக்கறாரு. "இன்னா, உங்க பாட்டுல அவன் வல கட்றானே, உங்களுக்கு வயிறு எரியல?"ன்னு கேட்டா, தோள சொறிஞ்சிக்கினு சிரிக்கறாரு.

குடும்பம் என் கூடையில தான் ஓடுது. அந்தக் கூடைக்கு எறா எங்கருந்து வருது? கேசவன் வலையிலருந்து! நானே போய் அவன் படகாண்ட நின்னு வாங்கறேன். என் ஓரகத்தி கோவிந்தம்மா இருக்காளே, நான் எடை பாத்து வாங்குனதுக்கு மேல ரெண்டு கை அள்ளிப் போட்டு, "வெச்சிக்கக்கா, அம்மன் வூட்டுக்கு எங்களால ஆனது"ங்கறா. அள்ளிப் போடறப்ப அவ மூஞ்சிய நீ பாக்கணும் பாய். நான் எதுக்கும் அயுவாதவ. அன்னிக்கி ஏரியப் பாத்துக்கினு அயுதேன்.

அதான் யோசிச்சி யோசிச்சி ஒரு வழி கண்டுபுடிச்சி கீறேன். கைய எடுக்க வாணாம். எடுத்தா அம்மன் போய்ட்டா, தருமன் பொண்டாட்டி வெரட்டிட்டான்னு என்னத் தான் சொல்லுவானுங்க. நீ இன்னா பண்ற, மீதி கீற அத்தினி பேரு தோள்மேலயும் ஒரு ஒரு கை போட்டுடு. ஆமா. எல்லாருக்கும். நாகப்பனுக்குத் தோளு தெரியல, அவனுக்கு தலமேல வெய்யி. ஆபீசருக்கும் ஒன்னு, செலவா ஆவப்போவுது? எல்லார் தோள்லயும் அம்மன் கை வெச்சிட்டா அப்புறம் எவன் வலைய தூக்கறது? எல்லாரும் தூக்கித்தான் ஆவணும். எங்க வூட்டுக்காரும் தூக்கித்தான் ஆவணும். அவரு பாடு அவருக்கு வந்துடும். எப்படி?

இன்னா பாய், எங்க போற? இவனுங்க பிலிம கழுவணுமா? இப்பவேவா? சரி, போ. டார்க் ரூம்ல இருந்துக்கினே கேளு. திரை தானே, காது கேக்கும். நான் உள்ள வர மாட்டேன், வெளிச்சம் பட்டா எல்லாம் கெட்டுடும்னு எனக்குத் தெரியும். எனக்கும் போட்டோ வேல கொஞ்சம் தெரியும் இப்ப.

போடற கை எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் பாய். இதே அளவு. அப்புறம் இந்தக் கோண சுண்டு வெரல போடாத. அம்மனுக்கு எதுக்குக் கோண வெரலு? நேரா போடு. இல்ல... இதுல கோணலா, மீதியில நேரான்னா சந்தேகம் வரும். எல்லாத்துக்கும் கோணலாவே போட்டுடு. கெளுத்தி முள்ளு குத்துன கையி, அம்மனுக்கு எப்படி...

இரு.

கும்புட வந்தப்ப அவன் எதுக்குக் கைய துண்டுல சுத்திக்கினான்?

பாய். நான் பூசாரிகிட்ட கண்ணாடி தொடைக்கறேன்னு தான் சொன்னேன். உன்னாண்ட எடுத்தாறேன்னு சொல்லவே இல்ல. அப்ப, "ரவூப் பாய கேட்டதா சொல்லு"ன்னு அந்தாளு எப்படி...

பாய்?

ஏம்பா, ஆரம்பாக்கம், நீங்க ஏன் வாய பொத்திக்கினு கீறீங்க?

படுதா மரம். எல்லார் வூட்டு சுவர்லயும் தொங்கற மரம். அதுல எளநீரு குடிச்சாராம். கன்னுக்குட்டி கட்னாளாம். தோளு குலுங்க அயுதானுங்களாம்! எங்க வூட்டுக்காரு தோள சொறிஞ்சிக்கினு... அந்தாளுமா? தம்பிக்கி பாட்ட குடுத்துடுன்னு என் மூஞ்சிக்கி நேரா சொல்ல தைரியம் இல்லாத, வெந்நீர்ல குளிச்சிக்கினு கீறாரா அந்தாளு?

ஊரு மொத்தமும் தெரிஞ்சிக்கினே, சேந்து என்ன வெச்சி கூத்தடிச்சி கீது! சாமி பேர்ல!

பேசாத பாய். நீ பேசல, தெரியும். உள்ள எதுவோ குலுங்கற சத்தம் கேக்குது. பிலிம் கழுவற தண்ணித் தட்டு தானே? தண்ணித் தட்டாவே இருக்கட்டும்.

கைங்க ஒன்னும் வாணாம். கேசவன திரும்ப போட்டுடு. முழுசா போடு. பல்லு தெரியற மாதிரியே போடு. அவன் பாடு அவனுக்கு, என் வூட்டு பாடு என் வூட்டுக்கு. அந்தாளு நாளைக்கே தண்ணியில எறங்கணும், பச்சத் தண்ணியில. ஆனா மரத்த எடுத்துடாத, கேட்டுக்கினியா? கேசவன மரத்துக்கு முன்னால நிக்க வெய்யி. மரம் அப்படியே இருக்கட்டும். காயெல்லாம் தருமன் குடும்பத்துக்குன்னு கோயில்ல சொன்ன தீர்ப்பு. சிரிச்சிக்கினு சொன்னா தீர்ப்பு இல்லன்னு ஆய்டுமா? நாகப்பன் நட்ட கன்னு இடுப்பளவு வந்துடுச்சி. அது காய்க்கட்டும், அப்ப எவன் தோளு எப்படி குலுங்குதுன்னு பாக்கறேன். ரெண்டு காய் தானே போட்டு கீற? மேல ரெண்டு கொலைய சேத்து வரைஞ்சிடு.

சிரிச்சி முடிச்சிட்டு வெளிய வா பாய், எனக்கு அவசரம் இல்ல. எறா தான் உன் வாசல்ல வெயில்ல கீது.